தானாகப் பிளந்த தோட்டா உறைகள்

சுடாத தோட்டா தானாகவே பிளக்குமா? பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இந்தியாவிலிருந்த படையினர் இதைக் கண்டு திகைத்தனர். குதிரை லாயங்களில் சேமித்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் விரிசல் கண்டன. ஆகவே இதற்குப் ‘பருவ விரிசல்’ என்று பெயர் ஏற்பட்டது.

1921இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகியோர் காரணத்தை விளக்கினர். பித்தளையைச் சூடாக்காமலே அழுத்தி இழுத்து உறையாக்கும்போது, நாணேற்றிய வில்லில் இருப்பதுபோல், தகைவு என்னும் உள்விசை அதில் தங்கிவிடுகிறது. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா ஈரத்துடன் சேர்ந்து பித்தளையை அரிக்கிறது. அரித்த இடத்தைத் தகைவு பிளக்கிறது.

மருந்து நிரப்புமுன் உறைகளை மிதமாகச் சூடாக்கினால் தகைவு தணியும், தொல்லையும் தீரும். உலையில் அடங்காத பெரிய வார்ப்புகளை அதிரச் செய்து தகைவைத் தணிக்கும் முறையும் இன்று உண்டு.