நெற்கூலியும் காசுக்கூலியும்

ஒரு நகரின் வரலாற்றைக் கல்வெட்டுகள் மட்டுமன்றி இடப்பெயர்களும் கூறும். சிங்கப்பூரில் ஆர்ச்சர்ட் சாலையின் கீழ்க்கோடியிலுள்ள டோபி காட் அத்தகைய பெயராகும். ‘டோபி’ சலவைத் தொழிலாளரையும், ‘காட்’ படித்துறையையும் குறிக்கும் இந்திச் சொற்கள். பழைய தமிழ்க் குடியினர் இப்பகுதியை வண்ணான் தெரு என வழங்கினர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வழியே பிராஸ் பாசா ஓடை ஓடிற்று. பின்னர் அதுவே ஸ்டாம்போர்டு கால்வாயாயிற்று. இந்தியாவிலிருந்து வந்த சலவையாளர் அவ்வோடையில் துணி துவைத்து, அருகிலிருந்த வெளியில் உலர்த்தினர்.

தாயகத்தில் அத்தொழிலுக்குரிய கூலி வேறு வகையினது. இன்ன குடும்பம் இன்ன வீடுகளுக்கு வெளுத்தல் வேண்டும் என்பது ஊர் வழக்கு. அறுவடையின்போது களத்தில் அளக்கும் நெல்லும், வீடுதோறும் பெறும் சோறுமே ஊதியம். மணவீட்டிலும் இழவுவீட்டிலும் செய்யவேண்டிய கடமைகளும் உண்டு. வயிற்றுக்கு ஓரளவு உறுதி இருந்தது. கூலி பேசும் உரிமை இல்லை. பிறப்பே தொழிலையும் இழிவையும் விதித்தது.

கடல் கடந்தபின் கூலி காசாயிற்று. துணியின் எண்ணிக்கையே வருவாயின் அளவாயிற்று. எழுத்தறியாதவரும் துணியின் ஓரத்தில் வண்ணான் குறியிட்டு, எவருடைய துணி எதுவெனப் பிழையின்றிப் பிரித்தனர். அக்குறியே அவர்தம் கணக்கேடு.

எனினும், காசுக்கூலி வெயிலை நம்பியது. சிங்கப்பூரில் ஆண்டு முழுதும் மழையுண்டு; ஆண்டிறுதியில் வடகிழக்குப் பருவக்காற்றால் அது மிகும். துணி உலராத நாளில் வருவாயும் நின்றது. நோயுற்ற நாளிலும் அவ்வாறே. மலாயாத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்ற தமிழர், 1910ஆம் ஆண்டில் அம்முறை ஒழியும்வரை முன்பணக் கடனில் கட்டுண்டிருந்தனர். படித்துறையில் தம் தொழிலைத் தாமே நடத்தியவர்க்கு அத்தளை இல்லை. ஆயின், மழைநாளில் அளந்து கொடுக்கக் களமும் இல்லை. உரிமை வந்தது, உறுதி போயிற்று. தினக்கூலி வாழ்வின் இயல்பு இதுவே.

1987ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் இங்குத் திறக்கப்பட்ட பெருவிரைவு ரயில் நிலையம் டோபி காட் என்னும் பெயரையே ஏற்றது. ஒருகாலத்தில் இழிவாகக் கருதப்பட்ட தொழிலின் பெயரை இன்று நாள்தோறும் பல்லாயிரவர் இயல்பாக உச்சரிக்கின்றனர். ஆயினும் நம்மவரிடையே அத்தொழிலின் தமிழ்ப் பெயரை வசைச்சொல்லாக ஆளும் வழக்கம் முற்றும் அகலவில்லை. வகுப்பில் இப்பெயரின் பொருளை விளக்கும் ஆசிரியர், வெயிலையும் உடல் வலிமையையுமே முதலாகக் கொண்டு பிழைத்தோரின் உழைப்பையும் மதிப்புடன் எடுத்துரைத்தல் வேண்டும்.