இறாலுக்குப் பேர் வெச்ச கதை: அலர்ஜி ரிப்போர்ட் கையில இருக்கிறவங்க கண்டிப்பா படிங்க

1/ "டாக்டர், ரிப்போர்ட்ல 'பென் எம் 1' பாசிட்டிவ்னு இருக்கு. 'லிட் வி 1'ங்கறது வேற இறால்தானே, அதைச் சாப்பிடலாமா?"

பதில் சொல்ல 1798-க்குப் போகணும். வாங்க.

2/ லின்னேயஸின் மாணவர் ஃபாப்ரீசியஸ், டென்மார்க்காரர். அப்போ நம்ம தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் வசம். அங்கிருந்த ராணுவ அதிகாரி டால்டார்ஃப் சேகரித்த கடல் உயிரினங்களும் அவரிடம் போய்ச் சேர்ந்தன. 1798-ல் 'பெனேயஸ்' என்ற பேரினத்தை ஃபாப்ரீசியஸ் உருவாக்கினார். அதில் ஒரு இறாலுக்கு வைத்த பெயர் 'மோனோடான்'. இன்னைக்கு நாம டைகர் இறால்னு வாங்குறது இதைத்தான்.

3/ 1810-ல் லாட்ரேய், மோனோடானையே அந்தப் பேரினத்தின் மாதிரி இனமாக அறிவித்தார். அப்படின்னா? அண்ணன் தம்பி பாகம் பிரிச்சாலும் பழைய கடைப் பெயர் மூத்தவருக்கே போற மாதிரி. பேரினத்தை எத்தனையா உடைச்சாலும், 'பெனேயஸ்' என்ற பெயர் மோனோடான் இருக்கும் பக்கம்தான் போகும்.

4/ சிக்கல் என்னன்னா, அந்த மூத்தவர் யாருன்னே குழப்பம்! ஃபாப்ரீசியஸ் எழுதிய விவரம் ரொம்பச் சுருக்கம். 1844-ல் டி ஹான் 'செமிசல்கேட்டஸ்' என்ற இன்னொரு வரி இறாலை விவரித்தார். அதுக்கப்புறம் இரண்டு பெயரும் மாறி மாறி ஒட்டப்பட்டன. 1949-ல் ஜப்பானின் குபோ, மோனோடானுக்கே 'புபுலஸ்' என்று புதுப்பெயர் வைத்துவிட்டார்.

5/ அதே 1949-ல் நெதர்லாந்தின் ஹோல்தூயிஸ், எது மோனோடான் என்று தெளிவாக்கினார். அடையாளம் ரொம்பச் சின்னது: ஐந்தாவது ஜோடி நடக்கும் காலின் அடியில் ஒரு குட்டிக் கிளை. செமிசல்கேட்டஸில் உண்டு, மோனோடானில் கிடையாது.

6/ 1997-ல் பேரினத்தை ஆறாக உடைத்தார்கள். மோனோடான் பெனேயஸாகவே நின்றது. வனாமி 'லிட்டோபெனேயஸ்' ஆனது. பிறகு டி.என்.ஏ. ஆய்வுகள் வர, பலரும் வனாமியைத் திரும்ப பெனேயஸ் என்றே எழுதுகிறார்கள்.

7/ இப்போ ரிப்போர்ட். அலர்ஜிப் புரதத்துக்குப் பேரினத்தின் முதல் மூன்று எழுத்து, இனத்தின் முதல் எழுத்து, ஒரு எண் என்று பெயர் வைப்பார்கள். பென் எம் 1 மோனோடானுடையது, லிட் வி 1 வனாமியுடையது. இரண்டுமே ட்ரோப்போமயோசின் என்ற ஒரே வகைப் புரதம். நண்டிலும் உண்டு. வேகவைச்சாலும் எளிதில் அழியாது.

8/ அதனால பேர் வேற, இறால் வேறன்னு நீங்களா முடிவு பண்ணி வனாமியைச் சாப்பிட்டுப் பார்க்காதீங்க. ரிப்போர்ட்டை உங்க அலர்ஜி டாக்டர்கிட்ட காட்டுங்க. பேர் வகைப்பாட்டுக்காரர்களோடது, மூச்சுத் திணறல் நம்மளோடது.