கூச்சம்: ஒரு சொல்லின் வேர்

அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயக் குளத்தில், ஆடி அமாவாசை அன்று, இறந்துபோன தகப்பனை நினைத்துப் பிள்ளைகள் தீர்த்தமாடுவது வழக்கம். சில வருடங்களுக்கு முன் குளக்கட்டில் ஒதுங்கி நின்ற மாமி ஒருவரிடம், "பிள்ளைகள் தோயவில்லையா?" என்று யோசியாமல் கேட்டுவிட்டேன். அவருடைய கணவர் 1990 இல் காணாமற்போனவர். "செத்தவரெண்டு சொல்ல நாக்கூசுது மனே" என்றார். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கியது அதன் பிறகுதான்.

'கூசு' என்ற வினையே 'கூச்சம்' ஆனது. 'பேசு', 'பேச்சு' ஆனதுபோல. வெளிச்சம் பட்டால் கண் கூசும். புளிமாங்காய் தின்றால் பல் கூசும். அக்குளில் விரல் பட்டால் உடம்பே கூசும். தாங்கமுடியாத ஒன்று படும்போது உடம்பு சுருங்குவதே இவற்றுக்குப் பொதுவானது. சபையில் எழுந்து பேசத் தயங்கும் பிள்ளையின் மனமும் அப்படித்தான் சுருங்குகிறது.

நாணம் வேறு. திருக்குறளின் 102ஆவது அதிகாரமான 'நாணுடைமை', தகாததைச் செய்ய மனம் பின்வாங்குவதைப் பெருமையாகவே பேசுகிறது. 'வெள்கு' என்ற பழைய வினையோடு உறவுடையது வெட்கம். தன்னையே தாழ்வாக எண்ணும் உணர்வைத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் 'இளிவரல்' என்கிறது. முதுமை, நோய், துன்பம், எளிமை ஆகிய நான்கும் அதற்குக் காரணம். உரையாசிரியர்கள் அந்த எளிமைக்கு வறுமை என்று பொருள் சொன்னார்கள். நாம் இன்று சொல்லும் 'தாழ்வு மனப்பான்மை', ஆஸ்திரிய உளவியலாளர் அல்பிரட் அட்லரின் கருத்தைத் தமிழில் சொல்லப் பிறந்த புதுச்சொல்.

நிவாரண வரிசையில் நின்றவர்களுக்கு அந்த நான்கும் ஒன்றாகவே வந்தன. கை நீட்டக் கூசியது, படிவம் நிரப்பத் தெரியாதென்று சொல்லக் கூசியது, நித்திரை வரவில்லையென்று வைத்தியரிடம் சொல்லவும் கூசியது. அதைக் குணக்குறையென்று எண்ணி, "கூச்சத்தை விடு" என்று புத்தி சொன்னோம். எது பட்டுக் கூசுகிறது என்று கேட்கவில்லை.

எல்லாக் கூச்சமும் விடவேண்டியதுமல்ல. மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆளைக் காணவில்லை என்பதற்கே சான்றிதழ் வழங்கும் சட்டத்திருத்தம் இலங்கையில் 2016 இல்தான் வந்தது. அதற்கு முன்பே, கணவரை இறந்தவரென்று எழுதிக் கொடுக்க மறுத்தவர் அந்த மாமி. அவருக்குப் பயமுமில்லை, வெட்கமுமில்லை. பொய்யாகிவிடக்கூடிய ஒன்றைச் சொல்ல நா கூசியது, அவ்வளவுதான்.