டாட்சன்: இரண்டு முறை கழற்றப்பட்ட பெயர்ப்பலகை



மலேசியாவில் கிள்ளானில் இருக்கும் என் சின்ன மாமாவின் மகன் போன வாரம் குடும்பக் குழுவில் ஒரு பழைய படம் போட்டிருந்தான். மஞ்சள் நிற டாட்சன் 120 ஒய் கார். அதன் முன்னால் பெல்பாட்டம் கால்சட்டையோடு மாமா நிற்கிறார். அதைப் பார்த்த என் பேரன், "தாத்தா, நம்ம சித்தப்பா வச்சிருக்கிற டாட்சன் கோ காரும் இதே கம்பெனியா?" என்று கேட்டான். ஆமாம் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். வாத்தியார் புத்தி விடுமா? புத்தகம், செய்தித்தாள் என்று தேடிப் படித்து, பதினைந்து நாளாகக் குறிப்பு எடுத்து இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பெயர். மசுஜிரோ ஹாஷிமோட்டோ என்ற பொறியாளர் 1911-ல் டோக்கியோவில் குவாய்ஷின்ஷா என்ற சிறு பட்டறையைத் தொடங்கினார். அவருக்குப் பணம் கொடுத்து உதவியவர்கள் மூன்று பேர்: டென், அயோயாமா, டகேயுச்சி. 1914-ல் கார் உருவானபோது, அந்த மூவரின் பெயர்களிலும் ஆங்கில முதலெழுத்தை எடுத்து டி, ஏ, டி என்று சேர்த்து 'டாட்' என்று பெயர் வைத்தார். ஜப்பானிய மொழியில் 'டாட்டோ' என்றால் பாய்ந்து ஓடும் முயல் என்றும் பொருள் வரும். கடன் கொடுத்தவர்களுக்கும் மரியாதை, காருக்கும் பொருத்தம்.

1930 வாக்கில் ஜப்பான் அரசு ஒரு விதி கொண்டுவந்தது. 500 சிசிக்கு உட்பட்ட சிறிய கார்களை ஓட்ட உரிமம் தேவையில்லை என்பது விதி. உடனே 495 சிசி எஞ்சினோடு ஒரு குட்டிக் கார் செய்தார்கள். டாட் காரின் பிள்ளை என்பதால், மகனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைச் சேர்த்து 1931-ல் பெயர் வைத்தார்கள். அங்கேதான் சிக்கல். அந்த எழுத்துகளை ஜப்பானியர் 'சொன்' என்று வாசிப்பார்கள். அவர்கள் மொழியில் 'சொன்' என்றால் நட்டம்! கடை திறக்கும்போதே நட்டம் என்று பலகை மாட்டுவார்களா? ஓர் எழுத்தை மாற்றிச் சூரியன் என்று பொருள் வரும்படி செய்துவிட்டார்கள். நம் தமிழில் இரண்டையும் 'சன்' என்றே எழுதுவதால் நமக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

பிறகு யோஷிசுகே அயுகாவா என்ற தொழிலதிபர் கைக்கு அந்தக் கார் போனது. அவருடைய நிறுவனமே 1934-ல் நிஸான் மோட்டார் ஆனது. கம்பெனி நிஸான், கார் டாட்சன். 1935-ல் யோகோஹாமா தொழிற்சாலையில் வரிசையாக வண்டிகள் வெளிவந்தன. அடுத்து வந்த போர்க்காலத்தைப் பற்றி இங்கே அதிகம் எழுதப்போவதில்லை. போர் முடிந்து நொடிந்துபோயிருந்த நிஸான், 1952-ல் இங்கிலாந்தின் ஆஸ்டின் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு அவர்கள் காரைச் செய்யக் கற்றுக்கொண்டது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மற்றவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ள அவர்கள் வெட்கப்படவில்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த மனிதர். யுடாகா கடயாமா. 1909-ல் பிறந்தவர். நிஸானில் விளம்பரப் பிரிவில் இருந்தார். 1958-ல் ஆஸ்திரேலியாவைச் சுற்றி சுமார் 16,000 கிலோமீட்டர் ஓட வேண்டிய மொபில்கேஸ் பந்தயத்துக்கு இரண்டு டாட்சன் 210 கார்களைக் கூட்டிக்கொண்டு போனார். ஒன்றின் பெயர் ஃபுஜி, மற்றொன்று சகுரா. புழுதி, பள்ளம், வெயில் எல்லாம் தாண்டி ஃபுஜி தன் பிரிவில் முதலிடம் பெற்றது. ஜப்பான் கார் என்றாலே உலகம் சிரித்த காலம் அது.

1960-ல் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அங்கே போய்ப் பார்த்தால் நிலைமை மோசம். ஜப்பானின் குண்டும் குழியுமான சாலைக்காகச் செய்த வண்டி அது. உடம்பு கெட்டி, எஞ்சின் சின்னது. அமெரிக்க நெடுஞ்சாலையில் மற்ற வண்டிகளின் வேகத்தை எட்டிப் பிடிக்கவே திணறியது. குளிர்நாளில் காலையில் கிளம்ப அடம்பிடித்தது. ஆனால் கலிபோர்னியாவின் தோட்டக்காரர்களும் சிறு விவசாயிகளும் டாட்சனின் சிறிய பிக்கப் லாரியை விரும்பி வாங்கினார்கள். அங்கிருந்துதான் வியாபாரம் வேர் பிடித்தது. கடயாமா அலுவலகத்திலேயே உட்கார்ந்திருக்கவில்லை. கார் விற்கும் கடைக்காரர்களைத் தேடிப் போய்ப் பேசினார். வாங்கியவர்கள் சொன்ன குறைகளையெல்லாம் டோக்கியோவுக்கு எழுதினார். தலைமையகம் சுலபத்தில் காது கொடுக்கவில்லை. விடாமல் எழுதினார், சண்டை போட்டார்.

அந்தச் சண்டையின் பலன் டாட்சன் 510. அமெரிக்காவில் 1968 மாடலாக வந்தது. 1,600 சிசி எஞ்சின். பின்சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியாக மேடுபள்ளத்தைத் தாங்கிக்கொள்ளும் அமைப்பு. அந்தக் காலத்தில் இது விலை உயர்ந்த ஐரோப்பியக் கார்களில் இருந்த வசதி. 510-ன் விலையோ 2,000 டாலருக்கும் கீழே. பீட் பிராக் என்பவரின் அணி இந்தக் காரை வைத்து 1971, 1972 இரண்டு ஆண்டும் அமெரிக்காவின் டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் சிறிய கார் பிரிவில் பட்டம் வென்றது. பணம் குறைவாக வைத்திருப்பவருக்கு அவர் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகக் கொடுத்த கார் அது. இந்த வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து 1969-ல் 240 இசட். ஜப்பானில் அதன் பெயர் 'ஃபேர்லேடி'. நிஸான் தலைவர் கவமடா நியூயார்க்கில் 'மை ஃபேர் லேடி' நாடகம் பார்த்துவிட்டு வந்து, அதற்கு முந்தைய ஒரு காருக்கு ஆசையாக வைத்த பெயர். பந்தயக் கார் மாதிரி இருக்கும் வண்டிக்கு இந்தப் பெயர் அமெரிக்காவில் எடுபடாது என்று கடயாமாவுக்குத் தெரியும். கப்பலில் வந்து இறங்கிய கார்களில் அந்தப் பெயர்த் தகட்டைக் கழற்றிவிட்டு, '240 இசட்' என்று மாட்டச் செய்தார். மேலதிகாரி வைத்த பெயரையே கழற்றும் துணிச்சல் நம்மில் எத்தனை பேருக்கு வரும்? அந்தக் கார் 1.5 லட்சத்துக்கும் மேல் விற்றது. குறையும் இருந்தது. பனிப் பிரதேசங்களில் சாலையில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்பில் 240 இசட்டின் அடித்தகடு துருப்பிடித்து உதிர்ந்தது. துருவைச் சுரண்டி, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து இன்றும் ஓட்டுகிறார்கள் அதன் சொந்தக்காரர்கள். 1990-களில் நிஸானே பழைய 240 இசட்களை வாங்கிப் புதுப்பித்து விற்றுப் பார்த்தது. கடயாமாவை 1977-ல் ஜப்பானுக்குத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அவர் 2015-ல், 105 வயதில் காலமானார்.

1973-ல் பெட்ரோல் நெருக்கடி வந்தபோது அமெரிக்காவில் 'பி 210' என்ற பெயரில் சிக்கனத்துக்குப் பேர் வாங்கிய கார்தான் கிள்ளானில் மாமாவின் 120 ஒய். மலேசியாவில் டான் சோங் நிறுவனம் 1957 முதலே டாட்சன் விற்றது. 1976-ல் கோலாலம்பூர் செகாம்புட்டில் தொழிற்சாலையும் வைத்தது. மாமா வாங்கியது பழைய வண்டிதான். 1,171 சிசி எஞ்சின், கார்புரேட்டர், பின்சக்கர இயக்கம். பானட்டைத் திறந்தால் எஞ்சினைச் சுற்றிக் கை விட இடம் இருக்கும், நாலு ஸ்பானர் போதும் என்பார் மாமா. தைப்பூசத்துக்கு பத்துமலைக்கு அதில் எட்டுப் பேர் போனதாக அத்தை சொல்வார். மாமா ஏழு என்பார். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

இப்படி உலகமெங்கும் வீட்டுப் பெயர் ஆகிவிட்ட டாட்சனை, 1981-ல் நிஸான் நிர்வாகம் நீக்க முடிவு செய்தது. எல்லா நாட்டிலும் நிஸான் என்ற ஒரே பெயர் இருக்கட்டும் என்றார்கள். அமெரிக்காவில் மட்டும் சுமார் 1,100 கடைகளின் பலகையை மாற்றினார்கள். விளம்பரத்துக்குக் கோடிக்கணக்கான டாலர் போனது. 1986-க்குள் வேலை முடிந்தது. ஆனால் பல ஆண்டுகளுக்குப் பிறகும் அமெரிக்கர்களுக்கு நிஸானைவிட டாட்சன்தான் நன்றாக நினைவிருந்தது. பெயரின் மதிப்பு பலகையிலா இருந்தது? பனியில் துருவைச் சுரண்டியவரிடமும் மாமாவிடமும் அல்லவா இருந்தது!

இனி நம் ஊருக்கு வருவோம். காஞ்சிபுரம் பக்கத்தில் ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸான் தொழிற்சாலை தொடங்கியது உங்களுக்குத் தெரியும். 2012-ல் நிஸானின் தலைவர் கார்லோஸ் கோன், டாட்சன் பெயர் மீண்டும் வரும் என்று ஜகார்த்தாவில் அறிவித்தார். முதல்முறை கார் வாங்கப்போகும் இந்தியர், இந்தோனேசியர், ரஷ்யர்களுக்காக என்றார்கள். 2013 ஜூலையில் டெல்லியில் 'கோ' காரைக் காட்டினார்கள். 2014 மார்ச்சில் 3.12 லட்ச ரூபாயில் விற்பனைக்கு வந்தது. ஒரகடத்தில் செய்து தென்னாப்பிரிக்காவுக்கும் அனுப்பினார்கள்.

என் மைத்துனர் 2015-ல் வாங்கினார். பேரன் சொன்ன சித்தப்பா அவருடைய மகன். இப்போது அவன்தான் ஓட்டுகிறான். மூன்று சிலிண்டர், 1.2 லிட்டர் எஞ்சின். அந்த விலைக்கு அந்த எஞ்சின் நல்ல சரக்கு, மைக்ரா காரில் இருந்த அதே குடும்பம். கியர் தண்டு டாஷ்போர்டிலிருந்தே நீட்டிக்கொண்டிருக்கும். முன் இருக்கை இரண்டும் பெஞ்சு மாதிரி ஒட்டியிருக்கும். கண்ணாடிக்கு ஒற்றை வைப்பர். பாட்டுக் கேட்கும் சாதனத்துக்குப் பதில் கைபேசியைச் செருகிக்கொள்ள ஒரு தாங்கி. குடும்பத்தோடு திருச்செந்தூர், பழனி எல்லாம் போய் வந்தார்கள். முழங்காலுக்கு இடம் தாராளம் என்று என் தங்கை இன்றும் மெச்சுவாள்.

2014 நவம்பரில் குளோபல் என்கேப் அமைப்பு கோ காரை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. பெரியவர் பாதுகாப்புக்குக் கிடைத்தது பூஜ்ய நட்சத்திரம். உடற்கூடே மோதலில் நிலைகுலைந்தது, இந்தக் கூட்டுக்குக் காற்றுப்பை வைத்தாலும் பயனில்லை என்றார்கள். அந்த அமைப்பின் தலைவர் மேக்ஸ் மோஸ்லி, விற்பனையை நிறுத்துங்கள் என்று கோனுக்கே கடிதம் எழுதினார். இந்திய விதிகளுக்கு உட்பட்டே செய்திருக்கிறோம் என்றது நிஸான். அதுவும் உண்மைதான், விதியே அந்த அளவில்தான் அப்போது இருந்தது. அதே ஆண்டில் சோதித்த மாருதி ஆல்டோ, டாடா நானோ, ஹூண்டாய் ஐ10 ஆகியவையும் காற்றுப்பை இல்லாத அடிப்படை வடிவில் பூஜ்யம்தான் வாங்கின.

அப்போது என் பழைய மாணவன் ஒருவன் ஒரகடம் பக்கம் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வெல்டிங் பிரிவில் இருந்தான். "சார், நாங்க செஞ்ச வேலை சரியில்லைன்னு அர்த்தமா?" என்று போனில் கேட்டான். குரல் கம்மியிருந்தது. இல்லை தம்பி. கூட்டில் எந்த இடத்தில் எத்தனை கனத் தகடு, எங்கே தாங்குசட்டம் என்பதெல்லாம் வரைபடத்திலேயே முடிவான விஷயம். வரைந்தபடி நீ பற்றவைத்தாய். வரைந்தவருக்கு மேலே உட்கார்ந்திருந்தவர், இந்த மக்களுக்கு இது போதும் என்று விலையை முதலில் வைத்தார். கடயாமா வாங்குபவனின் குறையைக் கேட்டு டோக்கியோவோடு மோதினார். இவர்கள் வாங்குபவனின் பையை மட்டும் அளந்தார்கள். 510-ஐப் பற்றி மனதில் வைக்கச் சொன்னேனே, அது இதற்காகத்தான். இது என் கருத்து. மாற்றுக்கருத்து இருந்தால் எழுதுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

2016-ல் ரெடி-கோ வந்தது. 2018-ல் கோ காரைத் திருத்தி இரண்டு காற்றுப்பையும் ஏபிஎஸ் பிரேக்கும் சேர்த்தார்கள். ரெடி-கோ 2019 சோதனையில் ஒரு நட்சத்திரம் வாங்கியது. முதலிலேயே செய்திருக்க வேண்டியதைப் பிந்திச் செய்தால் சந்தை காத்திருக்குமா? இந்தோனேசியாவிலும் ரஷ்யாவிலும் 2020-ல் கடையைக் கட்டினார்கள். 2022 ஏப்ரலில் ஒரகடத்தில் ரெடி-கோ தயாரிப்பு நின்றது. பலகை இரண்டாம் முறையாக இறங்கியது. பெயர் நின்ற வண்டிக்குப் பழைய கார் சந்தையில் விலை இறங்குவது வழக்கம். அதனால் இப்போது மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் என்னிடம் யோசனை கேட்கிறார்கள்.

வாங்குவதானால் 2018 கடைசியில் திருத்தி வந்த கோ காராகப் பாருங்கள். முன்னால் இரண்டு காற்றுப்பையும் ஏபிஎஸ்ஸும் இருக்கிறதா என்று நேரில் பார்த்து உறுதி செய்யுங்கள். உங்கள் ஊர் நிஸான் பணிமனையில் உதிரிபாகம் கிடைக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஏற்கெனவே பழைய கோ வைத்திருப்பவர்கள் நெடுஞ்சாலையில் வேகத்தை அடக்கி ஓட்டுங்கள். பின்சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போடட்டும். தங்கையிடமும் இதைச் சொல்லியாகிவிட்டது.

மலேசியா, சிங்கப்பூர், இலங்கையில் இருக்கும் உறவுகள் வீட்டில் பழைய டாட்சன் படம் இருந்தால் கீழே போடுங்கள். எந்த வருடம் வாங்கியது, எத்தனை மைல் ஓடியது, எப்போது கைமாற்றினீர்கள் என்பதையும் எழுதுங்கள். பத்துமலைக்குப் போனது ஏழு பேரா எட்டுப் பேரா என்று தெரிந்தவர்கள் அதையும் சொல்லலாம்.