கலவை மாதிரியும் தனி மாதிரியும்: இந்தியப் போதைப்பொருள் பகுப்பாய்வில் ஒரு புள்ளியியல் சிக்கலின் வரலாறு

கைப்பற்றப்பட்ட சரக்கில் எத்தனை பொட்டலங்களைச் சோதித்தால் முழுச் சரக்கையும் பற்றிக் கருத்துரைக்கலாம் என்பது தடயவியல் வேதியியலின் பழைய வினா. இந்தியாவில் இதற்கு விடையாக இன்றும் வழங்கும் முறை, உண்மையில் வேறொரு வினாவுக்காக வகுக்கப்பட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் உளவெறிப் பொருட்கள் சட்டத்தில் எடைக்குப் பெரிய இடமில்லை. சொந்தப் பயன்பாட்டிற்கான சிறிய அளவு நீங்கலாக, ஹெராயின் எவ்வளவு பிடிபட்டாலும் குறைந்தது 10 ஆண்டுச் சிறை. எனவே வேதியியலாளர் சொல்ல வேண்டியிருந்தது, பொருள் இன்னது என்பதை மட்டுமே. இச்சூழலில்தான் 1989 ஜூனில் நிதியமைச்சகத்தின் நிலையாணை 1/89 பிறந்தது. அளவிலும் எடையிலும் குறியீட்டிலும் நிறமாற்றச் சோதனையிலும் ஒத்திருக்கும் பொட்டலங்களைப் பத்துப் பத்தாகவும், கஞ்சா, ஹஷீஷ் எனில் நாற்பது நாற்பதாகவும் தொகுக்கலாம். ஒவ்வொன்றிலிருந்தும் சம அளவு எடுத்துக் கலந்து, அக்கலவையிலிருந்து மாதிரி எடுக்கலாம். பொருளை இனங்காண இது போதுமானதே.

2001ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனையை எடையோடு பிணைத்தது. கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் அது வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டுச் சிறை. பிணை கிடைப்பதும் அரிது. ஆனால் மாதிரி எடுக்கும் முறை மாறவில்லை.

ஒரு கிலோ வீதம் 40 பொட்டலங்கள் எனக் கொள்வோம். கலவையில் கஞ்சா இருப்பதாக அறிக்கை வந்தால், அது உறுதிப்படுத்துவது ஒரு பொட்டலத்திலாவது கஞ்சா இருந்தது என்பதை மட்டுமே. நாற்பதிலும் இருந்ததா, இருபதில்தானா என்பது கலக்கும்போதே அழிந்துவிடுகிறது. மாறாக, குருட்டுத் தேர்வில் 5 பொட்டலங்களைத் தனித்தனியே சோதித்து ஐந்திலும் கஞ்சா இருப்பின், ஹைபர்ஜியோமெட்ரிக் பரவலின்படி, குறைந்தது 21 பொட்டலங்களில் கஞ்சா உண்டு என 95 விழுக்காட்டுக்கு மேற்பட்ட நம்பக அளவில் கூறலாம். 36 பொட்டலங்களைப் பற்றிக் கூற 18 சோதனைகள் வேண்டும். ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத்தடுப்பு அலுவலகமும் ஐரோப்பியத் தடயவியல் நிறுவனங்களின் கூட்டமைப்பும் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி இத்தகைய கணக்கையே முன்வைக்கிறது. பலரும் கைக்கொண்ட வர்க்கமூல வழக்கத்திற்கு இவ்வகை அடிப்படை இல்லை: 10,000 பொட்டலங்களில் 90 விழுக்காட்டைப் பற்றிக் கூற 29 சோதனைகளே போதும் என்றிருக்க, அது 100 கேட்கிறது, 100 பொட்டலங்களுக்கு 23 தேவைப்படும் இடத்தில் வெறும் 10 கேட்கிறது.

நிறமாற்றச் சோதனை ஒவ்வொரு பொட்டலத்திலும் நடைபெறுவதால் குறையில்லை என வாதிடலாம். அச்சோதனை முதற்கட்டச் சோதனை; வேறு பொருட்களும் அதே நிறத்தைத் தரக்கூடும். உறுதிச் சோதனையின் பாரத்தை அதன்மீது ஏற்றுவது முறையன்று.

நீதிமன்றங்களின் கவனம் வேறு திசையில் சென்றது. தூய போதைப்பொருளின் எடையே கணக்கு என 2008இல் மைக்கேல் ராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. கலப்புப் பொருளையும் சேர்த்தே எடையிட வேண்டும் என 2020இல் ஹீரா சிங் வழக்கில் அதை மாற்றியது. ஆனால் அங்கே பேசப்பட்டது கடத்துபவர் செய்த கலப்பு. தனித்தனிப் பொட்டலங்களைக் கைப்பற்றும் அலுவலரே கலப்பது வேறு செயல். இவ்வேறுபாடு உரிய கவனம் பெறவில்லை என்பதே என் கருத்து.

2022ஆம் ஆண்டு விதிகள் பத்தையும் நாற்பதையும் கலவையையும் அப்படியே தக்கவைத்துள்ளன. ஆய்வகத்தை வந்தடைவது அக்கலவையின் ஒரு சிறு பகுதி மட்டுமே. கருவி எவ்வளவு நுட்பமானதாயினும், அதை மீண்டும் நாற்பதாகப் பிரித்துப் பார்க்க வேதியியலாளருக்கு வழியில்லை.