"என்ன ஆளுங்க?" என்று கேட்காத கதைகள்

பெருமாநல்லூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயம் தெரிந்திருக்கும். ஒன்று, கொண்டத்துக் காளியம்மன் கோயில் குண்டம். இன்னொன்று, 1970 ஜூன் 19. மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் மேல் அன்று இங்கே துப்பாக்கிச்சூடு நடந்தது. மூன்று பேர் இறந்தார்கள். அவர்களுக்கு ஊரில் நினைவுத்தூண் இருக்கிறது, ஆண்டுதோறும் மாலை போடுகிறார்கள்.

நான் எழுதப்போவது தூண் எதுவும் இல்லாத ஒரு வரலாறு. எங்கள் ஊர்ப் பெண்கள் படித்த காதல் கதைகளின் வரலாறு. அதை என் அம்மாவின் டிபன் பையிலிருந்துதான் என்னால் தொடங்க முடியும்.

1990களில் அம்மா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். தைத்து வரும் பீஸ்களை விரித்துப் பார்த்து ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது எல்லாவற்றையும் தனியாக எடுத்துப் போட வேண்டும். காலையில் எட்டரைக்கு உட்கார்ந்தால், ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் வீடு வர இரவு ஒன்பதரை ஆகிவிடும். டிபன் பைக்குள் சோற்றுப் போசிக்கு அடியில், செய்தித்தாள் அட்டை போட்ட ஒரு நாவல் எப்போதும் இருக்கும். பெரும்பாலும் ரமணிசந்திரன்.

சனிக்கிழமை சம்பளம். அன்றைக்குத் திருப்பூரில் ஒரு வாடகை நூலகத்தில் ஏறி இறங்கிவிட்டுத்தான் அம்மா பஸ் பிடிப்பாள். புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை. அந்த ஒரு வாடகையில் செக்கிங் டேபிளில் ஐந்து பேர் படித்து முடிப்பார்கள். கைமடி வேலைக்கு வந்த ஓர் ஆத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் அம்மா கதையைச் சொல்ல, அந்த ஆத்தா, "அவன் கெடக்கறான் விடு, அந்தப் புள்ள என்ன சொன்னா?" என்று கேட்குமாம்.

அப்பா இதையெல்லாம் "கண்ட புஸ்தகம்" என்பார். கல்லூரிக்குப் போய் நாலு சிறுபத்திரிகை படித்த பிறகு நானும் அதையே வேறு சொற்களில் சொன்னேன்.

*

"கண்ட புஸ்தகம்" என்ற வசவுக்கு நூறு வயசு இருக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ரெயினால்ட்ஸ் போன்ற ஆங்கிலக் கதைக்காரர்களைத் தமிழுக்கு இழுத்து வந்து மர்மமும் காதலுமாக நாவல் எழுதினார்கள். பெண்கள் அதைப் படிக்கத் தொடங்கியதும் வீடு கெட்டுப்போகும் என்ற அலறல் கிளம்பியது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' இந்தக் காலத்தைப் பற்றித்தான் பேசுகிறது. சத்தமாகப் படித்து நாலு பேர் கேட்ட பழக்கம் போய், ஒருத்தி தனியாக, மௌனமாகப் படிக்கிறாள். அவள் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. பயம் அதில்தான் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் காலத்திலேயே ஒரு பெண் எழுத வந்தார். வை. மு. கோதைநாயகி, 1901இல் பிறந்தவர், ஐந்து வயதில் கல்யாணமானவர். முதல் நாடகத்தைத் தோழி ஒருத்தியிடம் வாயால் சொல்லி எழுதவைத்தார். 1925இலிருந்து 'ஜகன்மோகினி' இதழை நடத்தினார். 115 நாவல்கள். விடுதலைப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். அவர் கதைகளில் விதவை மறுமணம், வரதட்சணை எல்லாம் பேச்சுக்கு வந்தன. ஆனால் கதை நடப்பது பெரும்பாலும் பிராமண வீடுகளுக்குள். பேச்சிலும் சாப்பாட்டிலும் அது தெரியும்.

இது மாறியதை ஒரு விலையை வைத்துச் சொல்லலாம். 1969இல் தொடங்கிய 'ராணி முத்து' மாதம் ஒரு முழு நாவலை ஒரு ரூபாய்க்குக் கொடுத்தது. பிறகு 'மாலைமதி' மாதிரியானவை வந்தன. பஸ் ஸ்டாண்டு கடைகளில் நாவல் தொங்க ஆரம்பித்தது. ஒரு ரூபாய்ப் புத்தகம் பிழைக்க வேண்டுமென்றால் அது எல்லாத் தெருவுக்கும் போக வேண்டும். எல்லாத் தெருவுக்கும் போக வேண்டுமென்றால் கதாநாயகி எந்தத் தெரு என்று தெரியக்கூடாது. அவள் பெயர் பொதுவான பெயராக இருக்கும். அவள் பேசும் தமிழில் ஊர் இருக்காது. குலதெய்வம் இருக்காது. 1970களிலிருந்து எழுதி நூற்றைம்பதுக்கும் மேல் நாவல்களைத் தாண்டிய ரமணிசந்திரனிடம் இந்த முறை முழுமையாகக் கைகூடியது. பணக்கார ஆண், தன்மானமுள்ள பெண், ஒரு தப்பான எண்ணம், முந்நூறு பக்கம் கழித்து அது தீருவது. காதலுக்குக் குறுக்கே நிற்பவை பணம், கோபம், சந்தேகம், ஒரு கெட்ட அத்தை. ஒருத்தர்கூட, "என்ன ஆளுங்க?" என்று கேட்க மாட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மூன்றாவது கேள்வியாக அதைத்தான் சுற்றிவளைத்துக் கேட்பார்.

*

அமெரிக்காவில் ஜானிஸ் ராட்வே என்ற ஆய்வாளர் 1984இல் ஒரு புத்தகம் எழுதினார். காதல் நாவல் படிக்கும் பெண்களைப் பற்றி மேடையில் ஏறித் தீர்ப்புச் சொல்லாமல், ஒரு நகரத்துப் பெண்களிடம் போய் நேரடியாகவே கேட்டார். கதையைவிட, படிக்கிற அந்த நேரமே தங்களுக்கு முக்கியம் என்றார்கள் அவர்கள். கையில் புத்தகம் இருக்கும்வரை கணவனும் பிள்ளைகளும் கூப்பிட முடியாது. அதே பெண்களிடம் இன்னொரு பழக்கத்தையும் ராட்வே கண்டார். நாயகனின் முரட்டுத்தனத்தைக் காதலின் மறைமுகமான அடையாளமாக வாசிக்கக் கதை அவர்களைப் பழக்குகிறது.

இதைப் படித்தபோது அம்மாவின் இரவுகள் எனக்குப் புரிந்தன. பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, திண்ணை லைட்டுக்குக் கீழே அரை மணி நேரம். அப்போது யார் கூப்பிட்டாலும், "இந்தா வாரேன்" என்பாள், வர மாட்டாள். ஆனால் ராட்வேயின் பெண்களுக்கு இல்லாத ஒன்று எங்கள் ஊரில் இருந்தது. அதற்கு நாவலுக்கு முந்தைய கதைகளுக்குப் போக வேண்டும்.

*

கொங்கு நாட்டின் பெரிய மாயக்கதை அண்ணன்மார் சாமி கதை. பொன்னர் சங்கர் என்றால் எல்லாருக்கும் தெரியும். பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் 1965இல் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் இதைப் பல இரவுகள் கேட்டுப் பதிவுசெய்தார். ராட்சசப் பன்றி, முன்கூட்டியே கனவு காணும் தங்கை, செத்த அண்ணன்மாரை அவள் எழுப்புவது என்று எல்லாம் இருக்கிறது. உடுக்கடிப்பாட்டில் கேட்டால் இன்றைக்கு வரும் எந்த டிராகன் கதைக்கும் குறைவில்லை. ஆனால் அதில் காதல் கிடையாது. அண்ணன்மாருக்குக் கல்யாணம் நடக்கிறது, மனைவிகளைத் தொடுவதில்லை. தங்கை கன்னியாகவே இருக்கிறாள். நிலத்தையும் குலத்தையும் காக்கிற கதையில் காதலுக்கு இடமில்லை.

காதல் இருக்கிற நாட்டார் கதைகளும் உண்டு. காத்தவராயன் ஆரியமாலாவை விரும்பினான், கழுவேற்றினார்கள். மதுரைவீரன் பொம்மியைக் கூட்டிக்கொண்டு வந்தான், கடைசியில் மாறுகால் மாறுகை வாங்கினார்கள். செத்த பிறகு இரண்டு பேரும் சாமி ஆனார்கள். பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தையில் விற்ற கதைகள் இவை. "என்ன ஆளுங்க?" என்ற கேள்விக்கு அந்தக் கதைகள் ஒளியவில்லை. பதிலையும் ரத்தத்தோடு சொல்லிவிட்டன.

ஆக, பாட்டி கேட்ட கதையில் சாதி மீறிய காதலுக்குச் சாவு. அம்மா படித்த கதையில் சாதியே இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் வளர்ந்தேன்.

*

2016 மார்ச் 13 அன்று எங்கள் மாவட்டத்து உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், பஸ் ஸ்டாண்டு பக்கம், காதலித்துக் கல்யாணம் செய்ததற்காகச் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். கௌசல்யா காயத்தோடு பிழைத்தார். அந்தக் கேமரா காட்சியைப் பார்க்காத ஆள் திருப்பூரில் இருந்திருக்க மாட்டார்.

அதற்கு மூன்று மாதம் கழித்து நான் அம்மாவிடம் என் விஷயத்தைச் சொன்னேன். நான் மெர்ச்சன்டைசிங் பார்த்த கம்பெனியில் அவர் டிசைன் பிரிவில் இருந்தார். எத்தனையோ காதலுக்கு அழுத அம்மா இதைப் புரிந்துகொள்வாள் என்று நிஜமாகவே நம்பினேன். முதல் கேள்வி வந்தது.

"ஆரு வூட்டுப் பையன்? என்ன ஆளுங்க?"

சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வேண்டாஞ்சாமி. உன்னைய விட்டுப்போட்டு அந்தப் பையனைத்தான் வெட்டுவானுக. ஒறம்பரைக்கு முன்னாடி நானும் நிக்க முடியாது" என்றாள்.

அதில் பயம் எவ்வளவு, சாதி எவ்வளவு என்று இன்றுவரை என்னால் பிரிக்க முடியவில்லை. அம்மாவாலும் முடியாது என்று நினைக்கிறேன். அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். நாலைந்து மாதம் அம்மாவும் நானும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அந்த நாட்களிலும் திண்ணை லைட்டுக்குக் கீழே அவள் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து எனக்கு ஆத்திரம் வந்தது. பெருமாள்முருகனின் 'பூக்குழி'யை வாங்கி வந்து அவள் மடியில் போட்டேன். நம் பக்கத்துக் கதை, படி என்றேன். மூன்று நாளில் முடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்காரு. இதைத் தெரிஞ்சுக்கறதுக்கு நான் புஸ்தகம் படிக்கோணுமா?"

*

இப்போது அம்மா போனில் படிக்கிறாள். பிரதிலிபி 2014இல் தொடங்கியது. எங்கள் வீட்டுக்கு அது கொரோனா அடைப்புக் காலத்தில் வந்தது. எழுதுபவர்கள் பலர் அம்மா மாதிரியே வீட்டு வேலை முடித்துவிட்டு உட்காரும் பெண்கள். தினம் ஒரு அத்தியாயம். கீழே வாசகிகள், "அடுத்து எப்போ சிஸ்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பஸ் ஸ்டாண்டுக் கடையும் வாடகை நூலகமும் சேர்ந்து ஒரு போனுக்குள் போய்விட்டன.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் இரண்டு வருடமாக இவற்றைப் படித்து வருகிறேன். பிடிக்காததை முதலில் சொல்லிவிடுகிறேன். 'ஆன்ட்டி ஹீரோ' என்று ஒரு வகை. நாயகன் நாயகியைக் கடத்துவான், கன்னத்தில் அறைவான், கட்டாயத் தாலி கட்டுவான். நாற்பதாவது அத்தியாயத்தில் அவனுக்கு ஒரு சோகமான குழந்தைப் பருவம் வெளிப்படும், அவள் மன்னித்துவிடுவாள். ராட்வே சொன்ன பழக்கத்தின் முற்றிய நிலை இது. 'ஒப்பந்தக் கல்யாணம்' இன்னொரு வகை. பணத்துக்காக ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுகிறாள், பிறகு காதல் வருகிறது. மேற்கு மாவட்ட மில்களில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், மூன்று வருடம் விடுதியில் இருந்து வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று இளம்பெண்களை எடுத்தார்கள். அந்த விடுதியில் இருந்த ஒருத்தி ஒப்பந்தக் கல்யாணக் கதையைப் படித்தால் என்ன நினைப்பாள் என்று யோசித்துக்கொண்டே படிப்பேன்.

பிடித்ததும் இருக்கிறது. அது மாயக்கதைப் பக்கம். மறுபிறவிக் காதல் கதைகள் இப்போது நிறைய வருகின்றன. இந்திரா சௌந்தர்ராஜன் நாவலிலும் டிவியிலும் போட்ட பாதை அது. அவர் 2024இல் காலமானார், பாதையில் இப்போது ஆயிரம் பேர் நடக்கிறார்கள். போன பிறவியில் அவன் அரண்மனை, அவள் அடிமை வீட்டுப் பெண். கொன்றுவிடுகிறார்கள். இந்தப் பிறவியில் இரண்டு பேரும் ஐடி கம்பெனியில் சந்திக்கிறார்கள். நடை சுமார்தான், நாலு அத்தியாயத்துக்கு ஒரு தடவை மழை பெய்யும். ஆனால் ரமணிசந்திரனிடம் காணாமல் போன அந்தக் கேள்வி இங்கே பின்வாசல் வழியாக உள்ளே வந்திருக்கிறது. நிகழ்காலத்தில் சொன்னால் வாசகி போனை அணைத்துவிடுவாள். ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் என்று சொன்னால் அழுகிறாள். மதுரைவீரன் கதை மறுபடி சொல்லப்படுகிறது, இரண்டாம் பாதி சேர்த்து.

சித்தப்பா மகள் கோவையில் கல்லூரியில் படிக்கிறாள். அவள் கையில் ரெபெக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்'. 2023இல் வந்து உலகமெங்கும் ஓடிய டிராகன் காதல் கதை. நாயகி தளபதியின் மகள், நாயகன் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட கலகத் தலைவனின் மகன். கலகக்காரர்களின் பிள்ளைகளுக்குக் கையில் ஒரு குறி விழுந்திருக்கும், பார்த்ததும் யாரென்று தெரிந்துவிடும்.

"நம்மூர்ல கையில இருக்காதுக்கா, வாயில இருக்கும். பேசுனா தெரிஞ்சுரும்" என்றாள். பத்தொன்பது வயது. நான் அந்த வயதில் அம்மாவின் நாவல்களில் இதைக் கவனிக்கவே இல்லை.

*

இலக்கியம் படிக்கிற நண்பர்கள் இந்தக் கதைகளை வெறும் கனவு என்பார்கள். நானும் சொன்னவள்தான். இப்போது கொஞ்சம் தயங்குகிறேன். நூறு அத்தியாயம் படித்த அம்மா என் விஷயத்தில் ஒரு அடிகூட நகரவில்லை. எனவே கதைகள் ஆளை மாற்றிவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முப்பது வருடமாக, களைத்த கண்ணோடு, அந்தக் கேள்வி இல்லாத ஒரு ஊரைத் தேடி அவள் தினமும் அரை மணி நேரம் போய்வந்திருக்கிறாள். அது ஏன் என்று நான் கேட்டதே இல்லை.

போன மாதம் கேட்டேன். போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"கதையில அந்தப் பேச்சே வராதுல்ல கண்ணு. அது ஒரு நிம்மதி."

கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பையன் இப்ப எங்கிருக்கறான்?" என்றாள். ஏழெட்டு வருடத்தில் முதல் முறை. பெங்களூரு, கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை என்றேன். "நல்லாருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குத் தள்ளினாள்.