விழுகிறவனும் விழும் இடமும்

மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் இறங்குகிறவன் தன் உயிரைப் பணயம் வைத்தே இறங்குகிறான் என்பது உலகத்தார் கூற்று. அது மெய்தான். ஆயினும், அவன் தானாக ஏற்ற ஆபத்து எது, பிறர் அவன் தலையில் ஏற்றிய ஆபத்து எது என்று பிரித்தறிய வேண்டாமா? இவ்வாறு எண்ணும்போதெல்லாம் என் நினைவு இத்தாலியிலுள்ள மோன்சா பந்தயத் தளத்துக்குச் செல்கிறது.

1973ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் அங்கே 250 சி.சி. வண்டிகளுக்கான பந்தயம் தொடங்கிற்று. முதற்சுற்றிலேயே, 'பெரிய வளைவு' என்று இத்தாலியர் வழங்கும் இடத்தில், அந்நாட்டு வீரர் ரென்ஸோ பஸோலினி சறுக்கி விழுந்தார். பின்னால் வந்த பின்லாந்து வீரர் யார்னோ சாரினென் விலக வழியின்றிச் சிக்கினார். அடுத்தடுத்துப் பலர் விழுந்தனர். முன்னவர் இருவரும் மாண்டனர். 1972ஆம் ஆண்டின் உலக வெற்றி வீரரான சாரினெனுக்கு அப்போது வயது 27.

முந்திய பந்தயத்தில் ஒரு வண்டி சிந்திய எண்ணெயை அகற்றாததே காரணம் என்றனர் ஒரு சாரார். பஸோலினியின் இயந்திரம் இறுகி நின்றதே காரணம் என்றனர் மற்றொரு சாரார். வாதம் நெடுங்காலம் நீடித்தது. அதிலே முதன்மையான கேள்வி மறைந்துபோயிற்று என்றே நான் கருதுகிறேன். விழுந்தவர்களை எதிர்கொண்டது யாது? தளத்தை ஒட்டி நின்ற எஃகு வேலி! காரில் இருப்பவனுக்குக் காரே கவசம். அவனை அவ்வேலி காக்கும். மோட்டார் சைக்கிளிலிருந்து எறியப்பட்டவனுக்கோ அதுவே எமன். அதில் மோதிய வண்டி, பின்வருவோர் பாதைக்கே திரும்பிவிடும்.

ஏழு வாரங்களுக்குப்பின், ஜூலை 8ஆம் நாள், அதே தளத்தில் மேலும் மூவர் உயிரிழந்தனர்.

அடுத்த ஆண்டு, 1974இல், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தளத்தில் முன்னணி வீரர்கள் பாதுகாப்பு போதாதென்று கூறிப் பந்தயத்திலிருந்து விலகினர். அவர்கள் கேட்டது பெரிய செல்வமன்று. தடுப்புகளின் முன்னே வைக்கோல் கட்டுகள்! அதுவும் கிட்டவில்லை. உள்நாட்டு வீரர்களைக் கொண்டே பந்தயம் நடந்தேறியது.

இன்று உலகப் பந்தயத் தளங்களில் அகன்ற சரளைப் பரப்பும், காற்றடைத்த தடுப்புகளும் காணப்படுகின்றன. வீரர்கள் மறுத்து நின்றதன் பயன்களுள் இவையும் அடங்கும்.

கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டாதவன், விழுந்தவனின் கவனக்குறைவைப் பேசித் தப்ப இயலுமா? பந்தயத்தில் வீரன் விழுவான். அது எவரும் அறிந்ததே. ஏன் விழுந்தான் என்று விசாரிப்பதற்கு முன்னரே, அவன் விழும் இடத்தைச் செம்மை செய்து வைத்தல் தளத்தை ஆள்வோர் கடனாகும்.